பரனூர் முதல் சமயபுரம் வரை: சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் இயங்கும் விதம்

தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் இன்று பெரும்பாலும் பணத்தைக் கையால் தொடாமலே செலுத்தப்படுகிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைச் சாவடியின் கருவி படிக்கிறது, தடுப்புக் கட்டை எழுகிறது, வண்டி போய்விடுகிறது. கட்டணம் பிடிக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி பிறகு வந்து சேர்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் போகிறவர்களுக்கு இது ஆறு இடங்களில் நிகழ்கிறது: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்.

இந்தப் பாதை நான்கு பகுதிகளாக நான்குவழிச் சாலையாக்கப்பட்டது. தாம்பரம்–திண்டிவனம் சுமார் 93 கிலோமீட்டர். திண்டிவனம்–உளுந்தூர்பேட்டை சுமார் 73. உளுந்தூர்பேட்டை–பாடாலூர் சுமார் 94. பாடாலூர்–திருச்சி சுமார் 38. முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் இரண்டிரண்டு சாவடிகள், மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று. ஆறு சாவடிகளிலும் பயணிக்குக் காணக் கிடைப்பது ஒரே காட்சிதான். அதன் பின்னால் ரேடியோ அலையும் கேமராவும் இரண்டு வங்கிகளும் ஒரு தேசிய இணைப்பகமும் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. அந்த வரிசை தெரிந்தவருக்குக் கட்டணம் தவறாகப் பிடிக்கப்பட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

பரனூர்: ஸ்டிக்கரும் ஆன்டெனாவும்

சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டி, செங்கல்பட்டுக்கு முன்னால் வருவது பரனூர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தென்மாவட்டங்களுக்குக் கிளம்பும் சென்னைவாசிகளின் வண்டிகள் அத்தனையும் இங்கே வந்து குவியும். சில்லறை கொடுத்து ரசீது வாங்கிய காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் தாமதம் அடுத்தடுத்த வண்டிகள் மேல் ஏறி, வரிசை நீண்டுகொண்டே போகும். 2018–19இல் நாட்டின் சுங்கச்சாவடிகளில் ஒரு வண்டி சராசரியாக 8 நிமிடம் காத்திருந்தது என்றும், 2020–21, 2021–22 ஆண்டுகளில் அது 47 விநாடியாகக் குறைந்தது என்றும் மத்திய அரசு தெரிவித்திருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோகக் கோடுகளாக ஓர் ஆன்டெனாவும், அதன் நடுவே மிகச் சிறிய சிப்பும் மட்டுமே உள்ளன. பாதைக்கு மேலே பொருத்திய ரீடர், 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்பியபடி இருக்கிறது. அந்த அலையின் ஆற்றலிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழிக்கிறது. பதில் சொல்ல அது தானாக அலை எதையும் உண்டாக்குவதில்லை. வந்த அலையைத் திருப்பி அனுப்பும் அளவை மாற்றி மாற்றித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. வெயிலில் கண்ணாடித் துண்டைச் சாய்த்துச் சாய்த்துத் தூரத்தில் நிற்பவருக்குச் சைகை காட்டுவதைப் போன்றது இது. சில மீட்டர் தொலைவிலேயே ரீடர் இந்தப் பதிலைப் பிடித்துவிடும்.

சிப்பில் தொழிற்சாலையிலேயே பதித்துப் பூட்டிய ஓர் அடையாள எண் இருக்கிறது. அதை மாற்றி எழுத முடியாது. இதனுடன் ஸ்டிக்கரை வழங்கிய வங்கியையும் வண்டியையும் குறிக்கும் தரவுகளும் சேர்கின்றன. பணம் சிப்பில் இல்லை. அது வங்கிக் கணக்கில் இருக்கிறது. ஆகவே ஸ்டிக்கர் கிழிந்தாலும் தொலைந்தாலும் இருப்புத் தொகை போய்விடாது.

ஸ்டிக்கரை முன்கண்ணாடியின் உட்புறம், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலோகம் ரேடியோ அலையை மறைக்கும். டாஷ்போர்டில் போட்டுவைத்தாலோ கையில் எடுத்துக் காட்டினாலோ கோணம் தவறி, ரீடர் படிக்காமல் போகலாம், பக்கத்துப் பாதையின் ரீடர் படித்துவிடவும் கூடும். கழற்றி வேறு வண்டிக்கு மாற்றிவிடாதபடி, பிய்த்தால் ஆன்டெனா அறுந்துபோகும் வகையில்தான் ஸ்டிக்கர் தயாரிக்கப்படுகிறது. ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு காட்டும் ஸ்டிக்கர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி சாவடிகளுக்குத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது.

செங்கல்பட்டின் கொளவாய் ஏரியும் மதுராந்தகமும் கடந்துபோகும் நேரத்தில், இந்த ஏற்பாடு வந்த வழியையும் பார்த்துவிடலாம். நிற்காமல் கட்டணம் செலுத்தும் முறை 1980களின் இறுதியில் நார்வேயிலும் இத்தாலியிலும் தொடங்கியது. 1991இல் போர்ச்சுகல் ‘வியா வெர்டே’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் பேட்டரியுடன் கூடிய, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சிறு பெட்டியே பெரும்பாலும் பயன்படுகிறது. இந்தியாவுக்கு எந்தத் தொழில்நுட்பம் ஏற்றது என்று ஆராய்ந்த நந்தன் நிலேகணி தலைமையிலான குழு, 2010இல் பேட்டரி இல்லாத, ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் (ஆர்எஃப்ஐடி) ஸ்டிக்கரைப் பரிந்துரைத்தது. கோடிக்கணக்கான வண்டிகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் விலை குறைவாக இருக்க வேண்டும், பேட்டரி மாற்றும் வேலையும் இருக்கக் கூடாது. அந்தத் தேர்வு சரியானது என்பதை ஸ்டிக்கர் பரவிய வேகம் காட்டுகிறது. அகமதாபாத்–மும்பை பாதையில் முன்னோட்டம் நடந்தது. 2017 டிசம்பர் 1 முதல் விற்பனையான புதிய நான்கு சக்கர வண்டிகள் ஸ்டிக்கருடனே வந்தன. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லாப் பாதைகளும் ஃபாஸ்டேக் பாதைகளாயின. 2025 நிலவரப்படி இதைப் பயன்படுத்துவோர் 8 கோடிக்கும் மேல்.

ஆத்தூர்: வண்டியை வகைப்படுத்துதல்

மேல்மருவத்தூரைத் தாண்டித் திண்டிவனம் நெருங்கும்போது ஆத்தூர் சாவடி வருகிறது. மார்கழியிலும் தையிலும் இருமுடி கட்டிய செவ்வாடை பக்தர்களின் பேருந்துகள் இந்தச் சாலையை நிறைக்கும். அவற்றின் நடுவே கார்களும், காய்கறி ஏற்றிய சிறு சரக்கு வண்டிகளும், பத்துச் சக்கர லாரிகளும், டிரெய்லர்களும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வேறு. இந்த வண்டி இந்த வகை என்று சாவடிக்கு எப்படித் தெரிகிறது என்பதே இங்கே எழும் கேள்வி.

சாவடி இதை இரண்டு வழிகளில் அறிகிறது. முதலாவது, ஸ்டிக்கர் வழங்கும்போதே பதிவுச் சான்றிதழைப் பார்த்து வண்டியின் வகை பதிவு செய்யப்படுகிறது. கார், ஜீப், வேன் வகைக்கு ஊதா நிற ஸ்டிக்கர். மற்ற வகைகளுக்கு வேறு நிறங்கள். இரண்டாவது, பாதையிலேயே பொருத்திய தானியங்கி வகைப்படுத்தும் கருவி. அதன் சென்சார்கள் வண்டியின் அச்சுகளை எண்ணி, உருவத்தை அளக்கின்றன. கேமரா பதிவெண் பலகையைப் படமெடுக்கிறது. தரைக்கடியில் புதைத்த கம்பிச்சுருள், மேலே செல்லும் உலோகத்தை உணர்ந்து வண்டி வந்ததையும் போனதையும் சொல்கிறது. வண்டி முழுவதும் தாண்டிய பிறகே கட்டை இறங்குவது இதனால்தான். பல சாவடிகளில் ஓடும் நிலையிலேயே எடை பார்க்கும் கருவியும் உண்டு.

ஸ்டிக்கர் சொல்லும் வகையும் கருவி சொல்லும் வகையும் ஒத்துப்போனால் சிக்கலில்லை. காருக்கு வாங்கிய ஸ்டிக்கர் ஒரு லாரியில் ஒட்டப்பட்டிருந்தால், கேமரா எடுத்த படம் ஆதாரமாகிறது. விடுபட்ட தொகையைச் சாவடியின் வங்கி பின்னர் கேட்டுப் பெறுகிறது.

கனரக வண்டிக்குக் கூடுதல் கட்டணம் விதிப்பதில் பொறியியல் நியாயம் இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை, அச்சின் மீதான சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்காகும் என்று காட்டியது. சாலையைத் தேய்ப்பது பெரும்பாலும் பாரவண்டிகளே. அதே வண்டிகளில்தான் ஊருக்கு வேண்டிய அரிசியும் சிமெண்டும் வருகின்றன என்பதால் முழுச் சேதத்தையும் அவற்றின் தலையில் கட்ட முடியாது. கட்டண விகிதம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

விக்கிரவாண்டி: பணம் போகும் பாதை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் விக்கிரவாண்டி. கட்டை எழுவதற்கும் பணம் கைமாறுவதற்கும் உள்ள தொடர்பு இந்த ஏற்பாட்டின் மையம். கணக்கில் பணம் பிடித்த பிறகே கட்டை எழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கட்டை முதலில் எழுகிறது, பணம் பின்னால் வருகிறது.

இதில் இரண்டு வங்கிகள் ஈடுபடுகின்றன. ஸ்டிக்கரைப் பயணிக்கு வழங்கிய வங்கி ஒன்று, சாவடிக்காகக் கட்டணத்தை வசூலித்துத் தரும் வங்கி மற்றொன்று. இரண்டையும் இணைப்பது இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது யுபிஐயை நடத்தும் அதே அமைப்பு. நாட்டில் வழங்கப்பட்ட எல்லா ஸ்டிக்கர்களின் விவரமும் அதன் மையப் பதிவேட்டில் இருக்கிறது: வண்டியின் பதிவெண், வகை, வழங்கிய வங்கி, ஸ்டிக்கர் நடப்பில் உள்ளதா முடக்கப்பட்டதா என்பவை.

இருப்பு தீர்ந்தவை, முடக்கப்பட்டவை, கட்டண விலக்குப் பெற்றவை ஆகிய ஸ்டிக்கர்களின் பட்டியலைக் கழகம் தொடர்ந்து புதுப்பித்துச் சாவடிகளுக்கு அனுப்புகிறது. வண்டி வந்ததும் சாவடியின் கணினி தன்னிடம் உள்ள இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. முடக்கப்பட்டவற்றில் அந்த எண் இல்லையென்றால் கட்டையை எழுப்புகிறது. தொலைவிலுள்ள வங்கியிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாததால்தான் வரிசை நகர்கிறது.

வண்டி போன பிறகு மீதி வேலை தொடங்குகிறது. சாவடி, ஸ்டிக்கரின் விவரத்தையும் கடந்த நேரத்தையும் தன் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி மையப் பதிவேட்டைக் கேட்டு வண்டியின் வகையை உறுதி செய்து, கட்டணத்தைக் கணக்கிட்டு, கழகத்தின் வழியாக ஸ்டிக்கர் வழங்கிய வங்கியிடம் தொகையைக் கேட்கிறது. அந்த வங்கி பயணியின் கணக்கில் பிடித்துக்கொண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது. குறித்த நேரத்துக்குள் அது பதில் சொல்லாவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்பது விதி. இறுதியில் வங்கிகளுக்கிடையே கணக்கு நேர்செய்யப்பட்டு, தொகை சாலையை நடத்துபவருக்குப் போய்ச் சேர்கிறது.

சாவடியில் இணைய இணைப்பு தடைப்பட்டால் இந்தத் தகவல்கள் தேங்கிநின்று, பிறகு மொத்தமாகப் போகும். குறுஞ்செய்தி சில மணி நேரம் கழித்து வருவதற்கு இது ஒரு காரணம். செய்தியில் உள்ள பிடித்தம் செய்த நேரத்தைவிட, சாவடியைக் கடந்ததாகப் பதிவான நேரமே சரிபார்க்கத் தக்கது.

கட்டையை முதலில் எழுப்பி, பணத்தைப் பின்னர் வாங்கும் இந்த முறைதான் இருப்பு குறைந்த கார்களுக்கும் துணை. கார்களின் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆணையம் 2021 பிப்ரவரியில் நீக்கியது. கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இல்லாதவரை வண்டியை விட்டுவிட்டு, கடந்தபின் குறையும் தொகையைப் பாதுகாப்பு வைப்பிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று அது அறிவித்தது.

செங்குறிச்சி: கட்டணக் கணக்கு

விழுப்புரம் கடந்து, சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் செங்குறிச்சி. முந்தைய சாவடியில் ஒரு தொகை, இங்கே வேறு தொகை என்பதைப் பயணிகள் கவனித்திருப்பார்கள். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இதற்கு விடை சொல்கின்றன.

2007–08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, நான்குவழிச் சாலையில் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, இலகுரக வணிக வண்டிக்கு 1.05 ரூபாய், பேருந்துக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 2.20 ரூபாய், ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட பெரிய வண்டிக்கு 4.20 ரூபாய் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு சாவடிக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நீளம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 60 கிலோமீட்டருக்குப் பொறுப்பான சாவடி என்றால் அடிப்படை ஆண்டில் காருக்கு 39 ரூபாய். 5இன் மடங்காகத் திருத்தினால் 40. பெரிய பாலமோ செலவு மிகுந்த புறவழிச்சாலையோ இருந்தால் அதற்கான கணக்கு தனியே சேரும்.

இந்த விகிதம் ஆண்டுதோறும் 3 சதவீதம் கூடுகிறது. அதோடு மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதமும் சேர்கிறது. பல சாவடிகளில் ஏப்ரல் 1 அன்றும், சிலவற்றில் செப்டம்பர் 1 அன்றும் புதிய கட்டணம் அமலாவது இந்தக் கணக்கின்படிதான். ஒரே பகுதியில் ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இன்னொரு சாவடி வரக் கூடாது என்று இதே விதிகள் சொல்கின்றன. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து ஆணையம் விலக்கு அளிக்கவும் இடம் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் சாவடிகளைப் பற்றி எழும் வழக்குகளும் கோரிக்கைகளும் பலமுறை இந்த விதியையே சுற்றி வருகின்றன. அரசுப் பணத்தில் போட்ட சாலையின் வசூல் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. தனியார் முதலீட்டில் கட்டி, வசூல் உரிமையோடு ஒப்படைத்த சாலையில் அது ஒப்பந்த நிறுவனத்துக்குச் செல்கிறது.

திருமாந்துறை: தவறு நேரும்போது

தொழுதூரில் வெள்ளாற்றைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டம். எல்லையிலேயே திருமாந்துறைச் சாவடி. மேலுள்ள ரீடர் ஸ்டிக்கரைப் படிக்கத் தவறினால், ஊழியர் கையடக்க ரீடரைக் கொண்டுவந்து முயன்று பார்ப்பார். அதுவும் பலிக்காதபோது என்ன ஆகும் என்பது தவறு யாருடையது என்பதைப் பொறுத்தது.

ஸ்டிக்கர் இல்லை, அல்லது முடக்கப்பட்டிருக்கிறது என்றால் பொறுப்பு பயணியுடையது. 2025 நவம்பர் 15 முதல் அமலான திருத்தத்தின்படி, ரொக்கமாகச் செலுத்தினால் இரு மடங்கு, யுபிஐ வழியாகச் செலுத்தினால் 1.25 மடங்கு. 100 ரூபாய்க் கட்டணம் ரொக்கத்தில் 200 ஆகும், யுபிஐயில் 125 ஆகும். அதற்கு முன்பு எப்படிச் செலுத்தினாலும் இரு மடங்குதான்.

ஸ்டிக்கர் நடப்பில் இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதானதால் படிக்க முடியவில்லை என்றால் பொறுப்பு சாவடியுடையது. அப்போது வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும், பூஜ்யத் தொகை ரசீதும் தர வேண்டும். 2018 முதல் விதியாக இருக்கும் இந்த உரிமை பலருக்குத் தெரியாது. தெரியாததாலேயே, கணக்கில் பணம் வைத்துக்கொண்டும் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு ஓட்டுநரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக் கட்டணம் பிடிக்கப்பட்டதாக வரும் புகார்களின் முக்கிய வேர், சாவடியில் வண்டி எண்ணைக் கையால் உள்ளிடும்போது நேரும் பிழை. இப்படி நேர்ந்தால் முதலில் அணுக வேண்டியது ஸ்டிக்கர் வழங்கிய வங்கியை. அது கழகத்தின் வழியாகச் சாவடியின் வங்கியிடம் ஆதாரம் கேட்கும். உரிய படம் இல்லாவிட்டால் தொகை திரும்பி வர வேண்டும். நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் 1033 உதவி எண்ணிலும் புகார் தெரிவிக்கலாம். வண்டியை விற்றவர் பழைய ஸ்டிக்கரை மூடிவிடுவது அவசியம். இல்லையென்றால் வாங்கியவரின் பயணத்துக்கு விற்றவர் கணக்கில் பணம் போகும்.

சமயபுரம்: சலுகைகளும் பாஸ்களும்

பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர் கடந்து, மாரியம்மன் கோயில் கொண்ட சமயபுரத்தில் கடைசிச் சாவடி. அம்மனைத் தரிசித்துவிட்டு அன்றே திரும்புகிறவர்கள், தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள், அருகிலேயே குடியிருப்பவர்கள் என எல்லா வகைப் பயணிகளும் இங்கே உண்டு. விதிகளில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் வழி இருக்கிறது.

24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால், போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு போதும். முன்பு இதற்கு ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. இப்போது முதல் முறை முழுக் கட்டணமும், திரும்பும்போது பாதியும் தானாகவே பிடிக்கப்படுகின்றன. அடிக்கடி செல்வோருக்கு 50 பயணங்களுக்கான மாதப் பாஸ் மூன்றில் இரண்டு பங்கு விலையில் கிடைக்கிறது. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்த வண்டிக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. அடிப்படை ஆண்டில் 150 ரூபாயாக இருந்த அது 2025–26இல் 350 ரூபாய்.

2025 ஆகஸ்ட் 15 அன்று ஆண்டுப் பாஸ் அறிமுகமானது. வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும் உரியது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். அந்த விலையில் ஒரு முறை கடக்க 15 ரூபாய் என்று ஆனது. சென்னை–திருச்சி பாதையில் ஒருமுறை போய்வர 12 பயணம் கழியும். 200 பயணத்தில் 16 முறை போய்வந்த பிறகும் 8 மிஞ்சும். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் மட்டுமே இது செல்லுபடியாகும். மாநில அரசின் சுங்கச் சாலைகளில் வழக்கமான கட்டணம் கணக்கிலிருந்து பிடிக்கப்படும்.

கட்டை இல்லாத சாவடி

சமயபுரத்துக்குப் பின் கொள்ளிடமும் காவிரியும் கடந்தால் திருச்சி. ஆறு சாவடிகளிலும் வண்டி வேகத்தைக் குறைத்து, கட்டை எழக் காத்திருந்து, மீண்டும் வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருளும் நேரமும் வீணாகின்றன. கட்டையே இல்லாமல் வண்டிகள் பல பாதைகளிலும் முழு வேகத்தில் போகும்போதே கட்டணம் பிடிப்பது அடுத்த கட்டம். கனடாவின் டொராண்டோ அருகே 407ஆம் எண் நெடுஞ்சாலை 1997 முதல் இப்படித்தான் இயங்குகிறது. இந்தியாவில் குஜராத்தின் சோர்யாசி சாவடியில் இதை அமைப்பதற்கான ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் கையெழுத்தானது. சாலைக்குக் குறுக்கே நிறுத்திய சட்டகத்தில் ஆர்எஃப்ஐடி ரீடர்களும் பதிவெண் படிக்கும் கேமராக்களும் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்குப் பதிவெண்ணின் அடிப்படையில் பின்னர் மின்னறிவிப்பு போகும். செயற்கைக்கோள் வழியாக ஓடிய தூரத்தை அளந்து கட்டணம் வாங்க 2024 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. ஆனால் நாடு முழுவதும் அதைக் கொண்டுவரும் முடிவு எடுக்கப்படவில்லை என்று 2025இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

கட்டை இருக்கும் சாவடியில் வண்டியை நிறுத்த முடியும். கட்டை இல்லாத சாவடியில் அது முடியாது. பதிவெண் பலகை தெளிவாக இருப்பது, வண்டி உரிமையாளரின் முகவரியும் கைபேசி எண்ணும் பதிவேட்டில் சரியாக இருப்பது, தவறான பிடித்தத்தை விரைவாகத் திருப்பித் தருவது ஆகிய மூன்றும் அப்போது இன்றைவிடப் பல மடங்கு முக்கியமாகும். முதல் இரண்டும் வண்டி வைத்திருப்பவரின் கடமை, மூன்றாவது வங்கிகளின், ஆணையத்தின் கடமை.